அட்டையில் ஏறாத ஆண்டுகள்

ஓர் ஆட்டக்காரர் எத்தனை வயது வரை ஆடலாம்? எப்போது விலக வேண்டும்?

டீக்கடையிலும் திண்ணையிலும் இந்த வாக்குவாதம் ஓய்வதே இல்லை. 2025-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பந்தயங்களில் மகேந்திர சிங் தோனி சென்னை அணிக்காக ஆடினார். அப்போது அவருக்கு வயது 43. "அவர் ஆடும் வரை ஆடட்டும்" என்றார்கள் சிலர். "இளைஞர்களுக்கு இடம் விடக் கூடாதா?" என்று கேட்டார்கள் வேறு சிலர்.

அதற்கு முந்திய ஆண்டு ஜூலை மாதத்தில், இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் டெஸ்ட் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்கு வயது 41. 2003-ஆம் ஆண்டு முதல் 21 ஆண்டுகள் ஆடியவர். 188 டெஸ்ட் பந்தயங்களில் 704 விக்கெட்டுகள் எடுத்தவர்.

நெடுங்காலம் ஆடுகிறவர்களைப் பார்த்தால் வியப்பு வருவது இயற்கை. ஆனால், "எப்போது நிறுத்துவது?" என்று கேட்கும் மக்கள் வேறொரு கேள்வியைக் கேட்பதில்லை. "எப்போது தொடங்கினார்?" என்பதே அந்தக் கேள்வி.

நெடுங்கால ஆட்டத்தின் இரகசியத்தில் பாதி, அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கார்டு விளையாட்டு

பரமத்தி வேலூர் காவிரிக் கரை ஊர். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் பெயர் பெற்றது. இந்த ஊரிலும் இதைப் போன்ற ஊர்களிலும் 1990களில் பள்ளிக்குச் சென்றவர்கள், இன்று பிள்ளைகளைப் பெற்றவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் "கிரிக்கெட் கார்டு" என்றால் விளக்கம் தேவை இல்லை.

மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். அது சீட்டுக்கட்டைப் போன்ற அட்டைக் கட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஓர் ஆட்டக்காரரின் படம் இருக்கும். படத்துக்குக் கீழே எண்கள் இருக்கும். ஆடிய மேட்ச் எத்தனை, எடுத்த ரன் எத்தனை, அதிகபட்ச ரன் எத்தனை, விக்கெட் எத்தனை, காட்ச் எத்தனை என்று வரிசையாக அச்சாகி இருக்கும்.

சிறுவர்கள் கட்டைச் சமமாகப் பிரித்துக் கொள்வார்கள். ஒருவன் தன் கையில் உள்ள மேல் அட்டையைப் பார்ப்பான். "மேட்ச், 150!" என்று கூவுவான். எதிரில் இருப்பவனின் அட்டையில் அதைவிடக் குறைந்த எண் இருந்தால், அந்த அட்டை இவனுக்கு வந்துவிடும். கடைசியில் யாரிடம் எல்லா அட்டைகளும் சேருகின்றனவோ, அவனே வெற்றி பெற்றவன்.

இந்த விளையாட்டில் எந்த அட்டைக்கு மவுசு அதிகம்? நெடுங்காலம் ஆடியவரின் அட்டைக்குத்தான்! அவருக்கு மேட்ச் அதிகம். ஆகவே ரன்னும் அதிகம். காட்சும் அதிகம். ஒரே பந்தயம் ஆடியவரின் அட்டை வந்தால் பையனின் முகம் வாடிவிடும்.

அட்டை பொய் சொல்வதில்லை. ஆனால், அது எல்லாவற்றையும் சொல்வதும் இல்லை.

16 வயதில் தொடங்கியவர்

சச்சின் டெண்டுல்கரின் அட்டையை எடுத்துக்கொள்வோம். 1989-ஆம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி கராச்சி நகரில் முதல் டெஸ்ட் பந்தயம் ஆடினார். 2013-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி மும்பையில் கடைசிப் பந்தயத்தை முடித்தார். சரியாக 24 ஆண்டுகள்! 200 டெஸ்ட் பந்தயங்கள். 15,921 ரன்கள். ஒரு நாள் பந்தயங்களில் 18,426 ரன்கள்.

இந்த எண்களை எந்தச் சிறுவனின் கார்டும் வெல்ல முடியாது.

அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆயினும், அவர் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கியபோது அவருக்கு வயது 16. அந்த வயதில் அவர் எப்படித் தயாராக இருந்தார்?

11 வயதில் அண்ணன் அஜித், அவரை ரமாகாந்த் ஆச்ரேகர் என்ற பயிற்சியாளரிடம் அழைத்துச் சென்றார். அவர் சொற்படி சச்சின் பள்ளிக்கூடம் மாறினார். கிரிக்கெட்டில் பெயர் பெற்ற சாரதாசிரமம் பள்ளியில் சேர்ந்தார். பயிற்சி நடக்கும் சிவாஜி பார்க் மைதானத்துக்குப் பக்கத்தில் உறவினர் வீடு இருந்தது. அங்கே தங்கிக்கொண்டு காலையும் மாலையும் ஆடினார். 15 வயதில் ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே 100 ரன் எடுத்தார்.

வீட்டுக்கு அருகே மைதானம். மைதானத்தில் வாத்தியார். வாத்தியாருக்குத் தெரிந்த தேர்வாளர்கள். ஆச்ரேகரிடம் கற்ற எல்லாரும் சச்சின் ஆகவில்லை என்பதும் உண்மை. ஆனால், சச்சின் ஆகக் கூடிய ஒரு பையனின் ஓர் ஆண்டுகூட அங்கே வீணாகவில்லை. அதுதான் கவனிக்க வேண்டியது.

வேலையை மாற்றிக் கொண்டவர்கள்

சீக்கிரம் தொடங்குவது ஒரு வழி. நெடுங்காலம் நிலைப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. காலத்துக்குத் தக்கபடி வேலையை மாற்றிக் கொள்வதே அது.

உலகில் மிக நீண்ட காலம் டெஸ்ட் பந்தயம் ஆடியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்பிரட் ரோட்ஸ். 1899-ஆம் ஆண்டு தொடங்கினார். 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் முடித்தார். ஏறக்குறைய 31 ஆண்டுகள்! கடைசிப் பந்தயத்தின்போது அவருக்கு வயது 52.

அவர் முதலில் சுழற்பந்து வீச்சாளராக வந்தார். மட்டை பிடிப்பதில் கடைசி ஆளாக இறங்கினார். பிறகு மட்டை ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு, படிப்படியாக மேலே ஏறினார். 1912-ஆம் ஆண்டு மெல்போர்ன் பந்தயத்தில் ஜாக் ஹாப்சுடன் முதல் ஜோடியாக இறங்கினார். இருவரும் சேர்ந்து 323 ரன்கள் குவித்தார்கள். கடைசி ஆள் முதல் ஆள் ஆனார்!

தமிழ்நாட்டிலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த எஸ்.வெங்கட்ராகவன், கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர். 1965-ஆம் ஆண்டு தம் 19-வது வயதில், சென்னையிலேயே முதல் டெஸ்ட் பந்தயம் ஆடினார். 1983-ஆம் ஆண்டு வரை 57 டெஸ்ட் பந்தயங்களில் 156 விக்கெட்டுகள் எடுத்தார். 1975, 1979 ஆகிய இரண்டு உலகக் கோப்பைப் பந்தயங்களிலும் அவரே இந்தியாவின் காப்டன்.

பெரும்பாலோர் இத்துடன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெங்கட்ராகவன் போகவில்லை. நடுவர் வேலையைக் கற்றுக் கொண்டார். 1993-ஆம் ஆண்டு முதல் 2004-ஆம் ஆண்டு வரை 73 டெஸ்ட் பந்தயங்களுக்கு நடுவராக நின்றார். ஆடியதைவிட நடுவராக நின்ற பந்தயங்களே அதிகம்! முதல் பந்தயத்துக்கும் கடைசிப் பந்தயத்துக்கும் இடையே 39 ஆண்டுகள்.

சென்னையின் தினேஷ் கார்த்திக்கும் இந்த வரிசையில் வருகிறார். 2004-ஆம் ஆண்டு இந்திய அணியில் சேர்ந்தார். 2022-ஆம் ஆண்டு, 37 வயதில், இருபது ஓவர் உலகக் கோப்பையில் ஆடினார். இடையே 18 ஆண்டுகள். ஆனால் ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் 26 மட்டுமே.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. அவர் விக்கெட் கீப்பர். அவர் வந்த அதே ஆண்டில் தோனியும் வந்தார். ஓர் அணிக்கு ஒரு விக்கெட் கீப்பர் போதும்! கார்த்திக் வெளியே நின்றார். நேர்முக வர்ணனையும் செய்தார். பிறகு, கடைசி ஓவர்களில் இறங்கி வேகமாக ரன் சேர்க்கும் வேலைக்குத் தம்மைத் தயார் செய்துகொண்டு திரும்பி வந்தார்.

"பெரியவர் நின்றால் சிறியவருக்கு இடம் இல்லை" என்ற வாதத்துக்கு இதில் ஆதாரம் இருக்கிறது. மறுக்க முடியாது. ஆனால் கார்த்திக்காவது வாசல்படி வரை வந்துவிட்டார். தெருவுக்கே வராதவர்களின் கணக்கு வேறு.

அமெரிக்காவில் நடந்தது

அட்டை சேர்க்கும் பழக்கம் அமெரிக்காவில் மிகப் பெரியது. அங்கே பேஸ்பால் என்ற ஆட்டம் பிரபலம். கிரிக்கெட்டைப் போலவே ஒருவர் பந்து எறிவார். மற்றவர் கட்டையால் அடிப்பார். முதலில் சிகரெட், புகையிலைக் கம்பெனிகள் பெட்டிக்குள் ஆட்டக்காரர் அட்டையை வைத்து விற்றன. பிறகு மிட்டாய், சூயிங் கம் கம்பெனிகள் அந்த வேலையை எடுத்துக் கொண்டன.

இன்று அந்தப் பழைய அட்டைகளுக்கு இருக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். 1909 முதல் 1911 வரை புகையிலையோடு வந்த ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை ஒன்று, 2022-ஆம் ஆண்டில் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று!

நோலன் ரயன் என்ற பந்து எறிபவர் 1966-ஆம் ஆண்டு தொடங்கி 1993-ஆம் ஆண்டு வரை 27 பருவங்கள் ஆடினார். அவருடைய முதல் டாப்ஸ் கம்பெனி அட்டை 1968-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பிறகு வந்த அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு வாலிபன் நடுத்தர வயது மனிதனாக மாறும் கதையையே காணலாம்.

ஆனால், இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவர் வேறொருவர். அவர் பெயர் சாட்செல் பெய்ஜ்.

1949-ஆம் ஆண்டில் அவருடைய அட்டை ஒன்று வந்தது. அதைப் பார்ப்பவர், "இவர் போன ஆண்டுதான் பெரிய பந்தயத்துக்கு வந்தவர்" என்று நினைப்பார். அது உண்மையே. 1948-ஆம் ஆண்டு ஜூலையில்தான் அவர் "மேஜர் லீக்" எனப்படும் பெரிய பந்தயத்தில் முதல் முறையாக இறங்கினார்.

அப்போது அவருக்கு வயது 42!

அதற்கு முன்பு என்ன செய்தார்? ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பந்து எறிந்து கொண்டுதான் இருந்தார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த எறியாளர்களில் ஒருவர் என்று பெயரும் வாங்கியிருந்தார். ஆனால் அவர் கறுப்பர். கறுப்பர்களை மேஜர் லீக்கில் சேர்ப்பதில்லை என்று வெள்ளையர்கள் கதவை அடைத்து வைத்திருந்தார்கள். கறுப்பர்கள் தங்களுக்கெனத் தனி லீக் நடத்தி ஆடினார்கள். 1947-ஆம் ஆண்டு ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் உள்ளே நுழைந்த பிறகே கதவு திறந்தது. மறு ஆண்டு பெய்ஜ் வந்தார். 1965-ஆம் ஆண்டு, 59 வயதில், கடைசியாக ஒரு பந்தயத்தில் மூன்று சுற்றுகள் பந்து எறிந்தார். எதிரிகளால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை.

அவருடைய சிறந்த ஆண்டுகள் எல்லாம் எங்கே போயின? பெரிய பந்தயத்தின் கணக்கில் அவை இல்லை.

இதற்குப் பரிகாரம் மிகத் தாமதமாக வந்தது. கறுப்பர் லீக்குகளும் மேஜர் லீக்கே என்று 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தார்கள். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்த லீக்குகளின் எண்களை அதிகாரபூர்வமான கணக்கில் சேர்த்தார்கள். பெய்ஜ் 1982-ஆம் ஆண்டே காலமாகிவிட்டார்.

எண்களை எப்படிச் சேர்க்க முடிந்தது? பழைய பத்திரிகைகளில் அச்சான ஸ்கோர் விவரங்களை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் தேடி எடுத்தார்கள். எழுதி வைத்தது கிடைத்தது. எழுதாமல் விட்டது போனது போனதுதான்.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவிலும் இப்படி நடந்திருக்கிறது. சி.கே.நாயுடுவின் அட்டையை எழுதினால், "டெஸ்ட் பந்தயம்: 7" என்றுதான் எழுத வேண்டும். கார்டு விளையாட்டில் அவர் உடனே தோற்றுப் போவார்.

ஆனால் நாயுடு யார்? இந்தியாவின் முதல் டெஸ்ட் காப்டன்! 1916-ஆம் ஆண்டு பம்பாயில் முதல்தரப் பந்தயத்தில் இறங்கினார். 1926-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த அணிக்கு எதிராக 153 ரன்கள் அடித்தார். அதில் 11 சிக்சர்கள்! 1963-64-ஆம் ஆண்டில், 68 வயதில், கடைசியாக ஒரு முதல்தரப் பந்தயம் ஆடினார். முதலுக்கும் கடைசிக்கும் இடையே 47 ஆண்டுகள்! மொத்தம் 207 முதல்தரப் பந்தயங்கள்.

டெஸ்ட் மட்டும் ஏன் 7? இந்தியாவுக்கு டெஸ்ட் பந்தயம் ஆடும் தகுதியே 1932-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அப்போது நாயுடுவுக்கு 36 வயது ஆகிவிட்டது.

தமிழ்நாட்டின் எம்.ஜே.கோபாலன் கதையும் கேட்கத் தக்கது. 1934-ஆம் ஆண்டு நவம்பரில் ரஞ்சிப் பந்தயம் தொடங்கியபோது, சேப்பாக்கத்தில் முதல் பந்தை வீசியவர் அவரே. அவர் கிரிக்கெட்டும் ஆடுவார், ஹாக்கியும் ஆடுவார். 1935-ஆம் ஆண்டு இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து சென்றார்.

1936-ஆம் ஆண்டு ஒரு தர்மசங்கடம் வந்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மறுபக்கம் இங்கிலாந்தில் கிரிக்கெட் சுற்றுப் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்து சென்ற கோபாலனுக்கு அங்கே ஒரு டெஸ்ட் பந்தயத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. அவருடைய டெஸ்ட் கணக்கு, 1934-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆடிய ஒரே ஒரு பந்தயத்தோடு நின்றுவிட்டது.

சிறுவன் கையில் அந்த அட்டை வந்தால், "மேட்ச், 1" என்று பார்த்து முகம் சுளிப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. அட்டையில் அவ்வளவுதான் இருக்கிறது.

பெண்களின் கணக்கு

மிதாலி ராஜ் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐதராபாத்தில் வளர்ந்தவர். 1999-ஆம் ஆண்டு ஜூனில், 16 வயதில், அயர்லாந்துக்கு எதிராக முதல் ஒரு நாள் பந்தயம் ஆடினார். அந்த முதல் பந்தயத்திலேயே 114 ரன்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் கடைசிப் பந்தயம் ஆடினார். 22 ஆண்டுகளுக்கு மேல்! 232 ஒரு நாள் பந்தயங்கள். 7,805 ரன்கள்.

சச்சினைப் போலவே 16 வயதில் தொடங்கியவர். அவரைப் போலவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர். சச்சின் ஆடியது 200 டெஸ்ட். மிதாலி ஆடியது எத்தனை?

12.

திறமைக் குறைவா? இல்லை. பந்தயமே வைக்கவில்லை! 2014-ஆம் ஆண்டு நவம்பருக்குப் பிறகு 2021-ஆம் ஆண்டு ஜூன் வரை இந்தியப் பெண்கள் அணி ஒரு டெஸ்ட் பந்தயம்கூட ஆடவில்லை. பெண்கள் கிரிக்கெட் 2006-ஆம் ஆண்டில்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கீழ் வந்தது. பெண்களுக்கான பிரீமியர் லீக் 2023-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டே மிதாலி ஓய்வு பெற்றுவிட்டார்.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். நாடே கொண்டாடியது. வெற்றி பெற்ற பெண்கள், கோப்பையை மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி முதலிய முன்னாள் ஆட்டக்காரர்களின் கையிலும் கொடுத்தார்கள். தங்களுக்கு வழி வெட்டியவர்கள் யார் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

சின்னப்பம்பட்டி நடராஜன்

இப்போது சேலம் வட்டாரத்துக்கே வருவோம். சின்னப்பம்பட்டி சேலம் மாவட்டத்துக் கிராமம். அங்கே பிறந்தவர் டி.நடராஜன். ஏழைக் குடும்பம். தந்தை கூலித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கடை நடத்தினார்.

நடராஜன் சிறு வயதிலிருந்தே பந்து வீசினார். ஆனால் டென்னிஸ் பந்தில்! உள்ளூர்ப் பந்தயங்களில் அவர் பெயர் பரவியது. ஏறக்குறைய 20 வயது வரை தோல் பந்தைத் தொட்டு ஆடும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. உள்ளூர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவருடைய திறமையை அறிந்து, சென்னை லீக்கில் ஆட வழி செய்தார். பிற்காலத்தில் நடராஜன் தம் சட்டையில் அவருடைய பெயரின் எழுத்துக்களைப் பொறித்துக்கொண்டு ஆடினார்.

2015-ஆம் ஆண்டு ஜனவரியில் ரஞ்சிப் பந்தயத்தில் இடம் கிடைத்தது. உடனே ஒரு சோதனை! பந்து வீசும் முறை சரியில்லை என்று நடுவர்கள் புகார் செய்தார்கள். கையை வீசும் முறையையே மாற்றிக் கொண்டு திரும்பி வந்தார். 2017-ஆம் ஆண்டு பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது.

2020-ஆம் ஆண்டு கடைசியில் ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியோடு, வலைப் பயிற்சியில் பந்து வீசும் ஆளாகப் போனார். மற்றவர்களுக்குக் காயம் ஏற்பட்டது. இவருக்கு அழைப்பு வந்தது. டிசம்பர் 2-ந் தேதி ஒரு நாள் பந்தயம். டிசம்பர் 4-ந் தேதி இருபது ஓவர் பந்தயம். 2021-ஆம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் பந்தயம். ஒரே பயணத்தில் மூன்று வகைப் பந்தயங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே!

பிரிஸ்பேனில் இறங்கியபோது நடராஜனுக்கு வயது 29.

சச்சின் 29 வயதில் என்ன செய்து கொண்டிருந்தார் தெரியுமா? 2002-ஆம் ஆண்டு செப்டம்பரில், லண்டன் ஓவல் மைதானத்தில், தம்முடைய 100-வது டெஸ்ட் பந்தயத்தை ஆடிக் கொண்டிருந்தார்!

ஒருவருக்கு 100-வது பந்தயம். அதே வயதில் மற்றவருக்கு முதல் பந்தயம். இருவருடைய திறமையையும் ஒப்பிடுவது இங்கே நோக்கம் அல்ல. ஆனால், இடையே இருக்கும் அந்த 13 ஆண்டுகளைத் திறமை ஒன்றே தீர்மானித்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

வேகப்பந்து வீச்சாளருக்கு உடல்தான் முதல். 29 வயதுக்கு மேல் காயங்கள் வேறு வரத் தொடங்கும். 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடராஜனுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த ஒரு டெஸ்ட் பந்தயத்துக்குப் பிறகு 2025 முடியும் வரை அவருக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. அட்டை "டெஸ்ட்: 1" என்றுதான் சொல்கிறது. சின்னப்பம்பட்டி மண்ணில் வீசிய பந்துகளின் எண்ணிக்கை அதில் இல்லை.

நடராஜன் குறை சொல்லிக் கொண்டு உட்காரவில்லை. தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023-ஆம் ஆண்டு ஜூனில் அதைத் திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். தமக்குக் கிடைக்காத ஆண்டுகள், தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்பதுதானே அதற்குப் பொருள்!

சேலம் மாவட்டம் வாழப்பாடியிலும் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெரிய மைதானம் ஒன்று திறக்கப்பட்டது. ராகுல் டிராவிட் விழாவுக்கு வந்தார். தமிழ்நாடு பிரீமியர் லீக் பந்தயங்களும் அங்கே நடந்திருக்கின்றன. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன என்று சொல்லலாம்.

வேலூர்ப் பையனுக்கு என்ன வேண்டும்?

பரமத்தி வேலூரில் இன்று 10 வயது ஆகும் ஒரு பையனையோ பெண்ணையோ எண்ணிப் பார்ப்போம். அறுவடை முடிந்த வயலிலோ, பள்ளிக்கூடத்து வெளியிலோ அவர்கள் ஆடுகிறார்கள். பந்து வேகமாகப் போகிறது. பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அடுத்தது என்ன?

முதலாவது, தோல் பந்து வேண்டும். அந்தப் பந்து கடினமானது. காலுக்கும் கைக்கும் தலைக்கும் காப்பு இல்லாமல் ஆட முடியாது. மட்டையும் காப்புகளும் சேர்ந்தால், ஒரு கூலிக் குடும்பம் தாங்கக் கூடிய விலை அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று வாங்க வேண்டியது இல்லை. பள்ளிக்கு இரண்டு செட் இருந்தால் பல பிள்ளைகள் மாற்றி மாற்றி ஆடலாம்.

இரண்டாவது, 11, 12 வயதிலேயே தவறைத் திருத்தும் ஒருவர் வேண்டும். நடராஜன் கையை வீசும் முறையை மாற்றியது ரஞ்சிப் பந்தயத்துக்குப் பிறகு! அதைச் சிறு வயதிலேயே யாராவது கவனித்திருந்தால், எத்தனை மாதங்கள் மிச்சமாகி இருக்கும்!

மூன்றாவது, தேர்வு நடக்கும் நாளும் இடமும் தெரிய வேண்டும். மாவட்ட அளவிலே சிறுவர் அணிக்கு ஆள் எடுக்கும் செய்தி, நகரத்துப் பள்ளிகளோடு நின்றுவிடக் கூடாது. பஸ் செலவுக்குக் காசு இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை வீட்டில் இருந்துவிட்டால், அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் நஷ்டம் அல்ல.

நான்காவது, பெண்பிள்ளைகளையும் அதே மைதானத்தில் விட வேண்டும். "பொழுது சாய்கிறது, உள்ளே வா" என்ற குரல் அண்ணனுக்கு ஏழு மணிக்கும் தங்கைக்கு ஐந்து மணிக்கும் கேட்டால், தங்கையின் கணக்கில் தினமும் இரண்டு மணி நேரம் குறைகிறது.

படிப்பு என்ன ஆவது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆயிரம் பேர் ஆடினால் ஒருவருக்குக்கூட இந்திய அணியில் இடம் கிடைக்காமல் போகலாம். இன்ஜினியரிங் படித்துக் கொண்டே ஆடிய வெங்கட்ராகவனை அதற்குப் பதிலாகக் காட்டலாம். படிப்பை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆடும் வயதில் ஆட இடம் கேட்கிறார்கள்.

கேள்வி எங்கே திரும்ப வேண்டும்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 43 வயதில் ஒருவர் ஆடுவது இளைஞரின் இடத்தைப் பறிப்பது ஆகாதா?

ஓர் இடத்தைப் பறிப்பது உண்மைதான். அந்த ஓர் இடத்துக்காக நாடே சண்டை போடுகிறது. ஆனால், 10 வயதில் தோல் பந்து கிடைக்காமல், 15 வயதில் தேர்வு பற்றிய செய்தி கிடைக்காமல், 20 வயதில் டென்னிஸ் பந்தோடு ஆட்டத்தை முடித்துக் கொண்டு, கடைக்கும் லாரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுடைய இடத்தைப் பறித்தவர் தோனி அல்ல. ஆண்டர்சனும் அல்ல.

அட்டையில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஒரு சிறுவன் கூவும்போது, அவனுக்கு இதையும் சொல்லலாம்: "இந்த 200-க்கு முன்னாலே ஒரு மைதானம் இருந்தது. ஒரு வாத்தியார் இருந்தார். அண்ணன் கையைப் பிடித்து அழைத்துப் போனார்."

ஊரார் உடனே செய்யக் கூடிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அதற்கு அதிகப் பணம் வேண்டாம். அமெரிக்காவில் பெய்ஜின் ஆண்டுகளை மீட்டது பழைய ஸ்கோர் விவரங்கள். நம் ஊர்களில் ஞாயிறு தோறும் டென்னிஸ் பந்துப் பந்தயங்கள் நடக்கின்றன. கோப்பை கொடுக்கிறார்கள். பரிசுப் பணம் கொடுக்கிறார்கள். மறுநாள் காலையில் ஸ்கோர் எழுதிய தாள் குப்பைக்குப் போகிறது!

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, ஆடியவர் பெயர், வயது, எடுத்த ரன், வீசிய ஓவர், எடுத்த விக்கெட் ஆகியவற்றை எழுதுங்கள். பையன்களோடு பெண்பிள்ளைகளின் பந்தயத்தையும் எழுதுங்கள். ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ அதைப் பத்திரமாக வையுங்கள்.

12 வயதுப் பையன் ஒருவன் ஒரே ஆண்டில் 60 விக்கெட் எடுத்திருக்கிறான் என்று அந்த நோட்டில் இருந்தால், மாவட்டத் தேர்வாளரிடம் அதைக் காட்டலாம். "எங்கள் ஊரில் ஒரு பையன் நன்றாக வீசுவான்" என்று வாயால் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம். அவனை 20 வயதில் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக 12 வயதிலேயே கண்டுபிடிக்கலாம்.

எட்டு ஆண்டுகள் மிச்சம்! ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் எட்டு ஆண்டுகள் சிறிய கணக்கு அல்ல.